கை வீக்கத்திற்கு நிணநீர் நீவுதல்: முதன்முறை கற்பவர்களுக்கான வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, அந்தப் பக்கத்துக் கையில் சில மாதங்கள் கழித்தோ பல ஆண்டுகள் கழித்தோ நீர் தேங்கி வீக்கம் ஏற்படுகிறது. முதலில் கை கனப்பதுபோல் தோன்றும். பிறகு வளையல் இறுகும், ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிக்கும், மோதிரத்தைக் கழற்றச் சிரமமாகும். அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை (திசுக்களில் கசியும் நீராகிய நிணநீரை வடிகட்டி அனுப்பும் சிறு முடிச்சுகளை) எடுத்ததாலோ, அவ்விடத்திற்குக் கதிர்வீச்சு கொடுத்ததாலோ வடிகால் குறைந்துபோவதே இதற்குக் காரணம். இந்த வீக்கத்தைக் குறைக்கும் சிகிச்சையில், கையால் மிக மென்மையாக நீவிவிடும் முறை ஒரு முக்கியமான பகுதி. அதை வீட்டில் தாமே செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகவும், அவர்களுக்குச் செய்துவிடும் கணவர், மகள், மருமகள் ஆகியோருக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறையாவது நேரில் கற்றுக்கொண்ட பிறகு, மறந்துபோனவற்றை நினைவுபடுத்திக்கொள்ள இதைப் பயன்படுத்துவதே சரியான வழி.

எண்ணெய் தேய்த்து உருவிவிடும் பழக்கம் நமக்கு மிகவும் பரிச்சயமானது. சுளுக்குக்கும் உடம்பு வலிக்கும் அழுத்தித் தேய்ப்பதுதான் மருந்து என்று வளர்ந்திருக்கிறோம். அதனால், வீங்கிய கையைப் பார்த்தவுடன் வீட்டிலுள்ளவர்கள் நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து, விரல் நுனியிலிருந்து தோள்வரை பலங்கொண்ட மட்டும் உருவத் தொடங்கிவிடுகிறார்கள். அன்பினால் செய்கிற காரியம்தான், ஆனால் இந்த வீக்கத்திற்கு அது தீங்கு. ஏன் தீங்கு என்பதை விளங்கிக்கொண்டால், பின்னால் வரும் ஒவ்வொரு படியும் தானாகவே பொருள்படும்.

உள்ளே நடப்பது என்ன

நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களுக்குள் வரும் நீரையும், அதில் கலந்துள்ள புரதத்தையும் நிணநீர் நாளங்கள் உறிஞ்சி எடுத்து மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 லிட்டர்வரை இவ்வாறு திரும்பிச் செல்கிறது. அது சென்று சேரும் இடம் கழுத்தின் அடியில், காறை எலும்புக்குப் பின்னாலுள்ள பெரிய சிரைகள். இரத்தத்தைத் தள்ள இதயம் இருப்பதுபோல் நிணநீருக்குத் தனியாக ஓர் உறுப்பு கிடையாது. நாளங்களின் சுவர்கள் தாமே மெல்லச் சுருங்கி விரிகின்றன. நாம் மூச்சு விடுவதும், தசைகளை அசைப்பதும் அந்த ஓட்டத்திற்குத் துணை செய்கின்றன.

நீரை முதன்முதலில் உள்வாங்கும் மிக நுண்ணிய நாளங்கள் தோலுக்குச் சற்று அடியிலேயே இருக்கின்றன. அவற்றின் சுவரிலுள்ள செல்கள், சுற்றியுள்ள திசுவோடு மெல்லிய இழைகளால் பிணைக்கப்பட்டிருப்பதால், தோலை இலேசாக இழுக்கும்போது அந்த இழைகள் இழுபட்டு, செல்களுக்கிடையே சிறு வாயில்கள் திறந்து, தேங்கிய நீர் உள்ளே செல்கிறது. கையை எடுத்தவுடன் அவை மூடிக்கொள்கின்றன. இந்த முறையின் மொத்த நுட்பமும் இவ்வளவே: தோலை நகர்த்துவதும் விடுவதும். அழுத்தித் தேய்த்தாலோ அந்த நுண்நாளங்கள் நசுங்குகின்றன, தோலுக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது, அதனால் திசுவுக்குள் கசியும் நீரின் அளவும் கூடுகிறது. நன்மை செய்யப்போய் வீக்கத்தைப் பெருக்குவது இப்படித்தான்.

ஓர் அக்குளில் சாதாரணமாக 20 முதல் 40 கணுக்கள்வரை இருக்கும். கையிலிருந்து வரும் நிணநீரோடு மார்பின் அந்தப் பக்கத்து நிணநீரும் இவற்றின் வழியாகத்தான் செல்லவேண்டும். கணுக்களை எடுத்துவிட்டால் அந்தப் பாதை குறுகிவிடுகிறது. ஆயினும் தோலின் மேற்புறத்தில் நிணநீர் நாளங்கள் வலைபோல் பின்னிக் கிடப்பதால், நீரை அக்கம்பக்கத்திலுள்ள நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிட முடியும். அறுவை நடக்காத பக்கத்து அக்குளும், அறுவை நடந்த பக்கத்துத் தொடை இடுக்கும், கழுத்தும் அப்படிப்பட்ட மாற்று வழிகள்.

டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதியர் 1930களில் பிரான்ஸின் கான் நகரில் பணிபுரிந்தபோது இந்த மென்மையான நீவுதலை உருவாக்கி, 1936-இல் பாரிஸில் அறிமுகம் செய்தார்கள். பிற்பாடு, ஹங்கேரியில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய மைக்கேல் ஃபோல்டி என்ற மருத்துவர், நீவுதலோடு அழுத்தக் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே சிகிச்சையாக ஆக்கினார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது அந்தக் கூட்டுச் சிகிச்சைதான். நீவுதல் அதில் நான்கில் ஒன்று என்பதை மறக்கக் கூடாது.

யார் செய்யக் கூடாது

வீக்கம் எல்லாம் நிணநீர் வீக்கம் அல்ல. இரண்டு கால்களும் ஒருசேர வீங்கி, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றால் இதயத்தையோ சிறுநீரகத்தையோ கல்லீரலையோ பரிசோதிக்கவேண்டும். இரத்த அழுத்தத்திற்காகச் சாப்பிடும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகளாலும் கணுக்கால் வீங்கும். ஒரு காலோ கையோ திடீரென்று வீங்கி, வலித்து, நிறம் மாறினால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கக் கூடும், அதை நீவினால் உறைகட்டி நுரையீரலுக்கு நகர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, இது நிணநீர் வீக்கம்தான் என்று மருத்துவர் சொன்ன பிறகே கை வைக்கவேண்டும்.

நிணநீர் வீக்கம் என்று உறுதியானவர்களிலும் சிலர் தவிர்க்கவேண்டும். கையில் தோல் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது கிருமித் தொற்று, தொற்று முழுதும் ஆறும்வரை நீவுதல் கூடாது. கட்டுப்படாத இதயச் செயலிழப்போ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்களுக்கு, திடீரென்று கூடுதல் நீர் இரத்தத்தில் சேருவது சுமையாகிவிடும். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களும், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை உள்ளவர்களும், கழுத்து இரத்தக் குழாயில் அடைப்பு உள்ள முதியவர்களும் கழுத்துப் படியை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. புற்றுநோய் இன்னும் சிகிச்சையில் இருக்கிறதென்றால் உங்கள் புற்றுநோய் மருத்துவரின் அனுமதி தேவை. அறுவைக் காயம் ஆறி, நீர் வடியும் குழாயை எடுத்து, தையல் பிரித்த பிறகுதான் தொடங்கவேண்டும். கதிர்வீச்சு பட்டுத் தோல் சிவந்தோ உரிந்தோ இருந்தால் அந்த இடத்தைத் தொடவே வேண்டாம்.

தொடங்கும் முன் அளந்து எழுதிவையுங்கள்

தையல்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்று போதும். கையை மேசைமேல் நீட்டி வைத்து, உள்ளங்கையின் அகலமான பகுதி, மணிக்கட்டு, பிறகு மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ. இடைவெளியில் தோள்வரை, ஒவ்வோர் இடத்திலும் சுற்றளவை அளந்து இரண்டு கைகளுக்கும் எழுதிவையுங்கள். நாடா தோலைத் தொடவேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. இரண்டு கைகளுக்கும் ஏதாவது ஓர் இடத்தில் 2 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவுகோல். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலக்கை இயல்பாகவே சற்றுப் பருத்திருக்கும் என்பதால், ஒரு கையை மற்றக் கையோடு ஒப்பிடுவதைவிட, அதே கையின் பழைய அளவோடு ஒப்பிடுவது நம்பகமானது. மாதம் இருமுறை, நாளின் அதே நேரத்தில் அளந்தால் போதும். தினமும் அளந்து கவலைப்படுவதில் பயனில்லை, ஏனெனில் வெயிலும் வேலையும் கூடிய நாளில் அளவு சற்றுக் கூடுவது இயல்பு.

விரலால் சில வினாடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்றும் பாருங்கள். குழி விழுந்து, இரவில் கையை உயர்த்தி வைத்துத் தூங்கிய பிறகு காலையில் வீக்கம் வடிந்திருந்தால் இது ஆரம்ப நிலை. இந்த நிலையில் பலன் நன்றாகக் கிடைக்கும். காலையிலும் வடியாமல், தோல் தடித்து, அழுத்தினால் குழி விழாதபடி இறுகிவிட்டால் வீட்டு நீவுதல் மட்டும் போதாது. பயிற்சி பெற்றவரிடம் சில வாரங்கள் தொடர்ச்சியாகக் கட்டுச் சிகிச்சை எடுக்கவேண்டியிருக்கும்.

நீவும் கை எப்படி இருக்கவேண்டும்

எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம். வழுக்கினால் கை தோலின் மேல் ஓடிவிடும், தோல் நகராது. நகங்களை வெட்டி, மோதிரம் வளையல்களைக் கழற்றி, கைகளைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். விரல்நுனியைப் பயன்படுத்தாமல், விரல்கள் முழுவதையும், முடிந்த இடங்களில் உள்ளங்கையையும் தட்டையாகத் தோலின்மேல் படியவைக்கவேண்டும். படியவைத்த இடத்திலிருந்து கை வழுகாமல், தோலையே ஓர் அரைவட்டமாக, நீர் செல்லவேண்டிய திசையை நோக்கி இழுங்கள். தோல் இழுபட்டு நிற்கும் எல்லையில் அழுத்தத்தை முழுவதும் விட்டுவிடுங்கள், கை மட்டும் தோலைத் தொட்டபடி இருக்கட்டும். தோல் தானாகப் பழைய இடத்திற்கு வரும். மறுபடியும் அதே இடத்தில் செய்யுங்கள்.

ஓர் இழுப்புக்கு இரண்டு மூன்று வினாடிகள் ஆகவேண்டும். ஓரிடத்தில் ஐந்து முதல் ஏழு முறை போதும். அழுத்தம் சரிதானா என்று தெரிந்துகொள்ள இரண்டு அடையாளங்கள் உண்டு. அடியிலுள்ள தசையோ எலும்போ கைக்குத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். முடித்த பிறகு தோல் சிவந்திருந்தாலும் அழுத்தம் அதிகம். “இவ்வளவு இலேசாகச் செய்தால் என்ன ஆகிவிடப் போகிறது” என்ற ஐயம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் வாரத்தில் எழுகிறது. அந்த ஐயத்தினால் அழுத்தத்தைக் கூட்டிவிடாமல் இருப்பதே இதில் தேர்ச்சி.

வேகமும் முக்கியம். நாளங்கள் நிதானமாகச் சுருங்கி விரிபவை, ஓய்வில் இருக்கும்போது நிமிடத்திற்குச் சில முறைதான் சுருங்கும். அவசரமாகச் செய்தால் ஒத்துப்போகாது. அடுப்பில் ஏதேனும் வைத்துவிட்டு இடையில் செய்யாதீர்கள். 20 நிமிடம் இடையூறில்லாமல் உட்காரக்கூடிய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வரிசை

வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, முதலில் கடைமடையைத் திறந்துவிட்டு, அதன் பிறகுதானே மேலிருந்து தண்ணீரைத் தள்ளிவிடுவோம். இங்கும் வீங்கிய கையைக் கடைசியில்தான் தொடவேண்டும். வீக்கமே இல்லாத கழுத்திலும் மறுபக்கத்து அக்குளிலும் தொடங்குவது புதியவர்களுக்கு நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பகுதிகளைத்தான் முதலில் தயார்ப்படுத்தவேண்டும். நேரம் குறைவாக இருக்கும் நாளில், கையை விட்டுவிட்டு முதல் நான்கு படிகளை மட்டும் செய்தாலும் பயனுண்டு; முதல் நான்கை விட்டுவிட்டுக் கையை மட்டும் நீவுவதில் பயனில்லை. கீழே வலப்பக்கம் அறுவை நடந்து, வலக்கை வீங்கியிருப்பதாகக் கொண்டு எழுதியிருக்கிறேன். இடப்பக்கம் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி மூச்சு. மல்லாந்து படுத்தோ சாய்ந்து உட்கார்ந்தோ, வயிற்றின்மேல் கையை வைத்து, வயிறு எழும்படி மூக்கால் மூச்சை இழுத்து, வாயால் மெல்ல விடுங்கள். ஐந்து முறை போதும். உடலின் பெரும்பகுதி நிணநீரைக் கழுத்துக்குக் கொண்டுவரும் பெரிய நாளம் வயிற்றிலிருந்து மார்பின் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. ஆழ்ந்த மூச்சு அதன் ஓட்டத்தைத் தூண்டும். இதை வெறும் சடங்காக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். என் கருத்தில் ஒரு நாளும் விடக்கூடாத படி இது.

இரண்டாவது கழுத்து. காறை எலும்புக்குச் சற்று மேலே இருபுறமும் பள்ளம் இருக்கும். கைகளைக் குறுக்கே வைத்து, வலக்கை விரல்களை இடப் பள்ளத்திலும் இடக்கை விரல்களை வலப் பள்ளத்திலும் படியவைத்து, தோலைக் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் மெல்ல இழுத்து விடுங்கள். பத்து முறை செய்யலாம். கழுத்தின் பக்கவாட்டிலோ தொண்டையிலோ அழுத்தவே கூடாது, அங்கே மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் இருக்கிறது. தலை சுற்றுவதுபோல் இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பிறகு தோள்களை முன்னும் பின்னுமாகச் சில முறை சுழற்றுங்கள்.

மூன்றாவது, நல்ல பக்கமாகிய இட அக்குளும் அதற்குச் செல்லும் வழியும். வலக்கை விரல்களை இட அக்குளின் குழியில் தட்டையாக வைத்து, உள்நோக்கி மேலாக அரைவட்டம் இடுங்கள். பத்து முறை. வீங்கிய கையைத் தூக்குவது சிரமமாக இருந்தால் முழங்கையைத் தலையணையில் தாங்கவைத்துக்கொள்ளலாம், அல்லது வீட்டிலுள்ளவர் செய்துவிடலாம். அடுத்து, மார்பின் மேற்பகுதியில், காறை எலும்புக்கும் மார்பகம் தொடங்கும் இடத்துக்கும் இடையே, வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு ஒரு பாதை அமைக்கவேண்டும். இதிலும் தொடக்கம் இட அக்குளுக்கு அருகிலேயே. அங்கே தோலை இட அக்குள் நோக்கி ஐந்து முறை இழுத்துவிட்டு, ஒரு கை அகலம் வலப்புறம் நகர்ந்து மீண்டும் ஐந்து முறை, மார்பெலும்பின் மேல் ஐந்து முறை, இப்படி வல அக்குளின் விளிம்புவரை வாருங்கள். கை நகரும் திசை வலப்புறம், தோலை இழுக்கும் திசை எப்போதும் இடப்புறம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, தொடக்கத்தில் கண்ணாடி முன் உட்கார்ந்து செய்வது நல்லது. அறுவைத் தழும்பின் குறுக்கே இழுக்காதீர்கள். தழும்பு இறுகியிருந்தால் அதற்குத் தனிப் பயிற்சி உண்டு, உங்களுக்குக் கற்பித்தவரைக் கேளுங்கள்.

நான்காவது, வலத் தொடை இடுக்கும் விலாவும். தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் இடக்கையை வைத்து, வயிற்றை நோக்கிப் பத்து முறை அரைவட்டம் இடுங்கள். பிறகு இடுப்புக்கு மேலே தொடங்கி, விலாவின் பக்கவாட்டில் ஒவ்வொரு கை அகலமாக மேலேறி, ஒவ்வோர் இடத்திலும் தோலைக் கீழ்நோக்கி, தொடை இடுக்கை நோக்கி இழுங்கள். வல அக்குளுக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்துங்கள். இத்தோடு மாற்று வழிகள் தயார்.

ஐந்தாவது படியில்தான் கை வருகிறது. தோளின் உச்சியிலிருந்து தொடங்குங்கள். இடக்கையைத் தோளின்மேல் வைத்து, கழுத்தை நோக்கி ஐந்து முறை இழுங்கள். பிறகு மேற்கையின் வெளிப்புறத்தில், தோளுக்கு அருகிலிருந்து முழங்கைவரை சிறிது சிறிதாக இறங்கி, ஒவ்வோர் இடத்திலும் மேல்நோக்கி இழுங்கள். மேற்கையின் உட்புறத்தில் தேங்கியதை அக்குளை நோக்கித் தள்ளாமல், முதலில் வெளிப்புறத்துக்குத் திருப்பி, அங்கிருந்து தோளுக்கு ஏற்றுவது வழக்கமான முறை. முழங்கை மடிப்பில் ஐந்து முறை மேல்நோக்கி. முன்கையின் இருபுறமும் மணிக்கட்டுவரை இறங்கி அதேபோல். பிறகு புறங்கை, கடைசியாக ஒவ்வொரு விரலும், நுனியிலிருந்து அடியை நோக்கி.

விரல்களை முடித்தவுடன் நிறுத்திவிடக் கூடாது. வந்த வழியே திரும்புங்கள்: முன்கை, மேற்கை, தோள், மார்பின் குறுக்குப் பாதை, விலா, கடைசியில் மறுபடியும் கழுத்துப் பள்ளம், ஆழ்ந்த மூச்சு. திரும்பும்போது ஓரிடத்தில் இரண்டு மூன்று இழுப்புகள் போதும்.

உங்களுக்குக் கற்பித்தவர் இந்த வரிசையிலிருந்து சற்று மாறிய ஒன்றைச் சொல்லித் தந்திருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள். இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைத் தோலில் செலுத்தி, நிணநீர் எந்த வழியாக ஓடுகிறது என்பதைக் கருவியால் நேரடியாகப் பார்க்கும் வசதி இப்போது வந்திருக்கிறது. அவ்வாறு பார்த்ததில், கணுக்களை எடுத்த பிறகும் பலருக்கு அதே பக்கத்து அக்குளை நோக்கிய ஓட்டம் ஓரளவு நிலைத்திருப்பது தெரியவந்துள்ளது. ஆகவே அந்தப் பாதையையும் பயன்படுத்தும் புதிய முறைகள் உருவாகியுள்ளன. வழிகள் ஆளுக்கு ஆள் மாறுபடும். மாறாதவை மென்மையும், நிதானமும், வெளிவாயிலை முதலில் திறக்கும் ஒழுங்கும்.

நீவிய பிறகு

நீவியதோடு விட்டுவிட்டால் வடிந்த நீர் சில மணி நேரத்தில் மறுபடியும் சேர்ந்துவிடும். ஆகவே பகலில் உடனே அழுத்த உறையை அணியவேண்டும். கம்ப்ரெஷன் ஸ்லீவ் என்று கடைகளில் கேட்டால் தெரியும். என்னால் எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்: நீவுதல், உறை ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால் உறையைத் தேர்ந்தெடுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய கை வீக்கம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, நீவுதல் பாதுகாப்பானது என்றும், அழுத்தக் கட்டோடு சேர்த்துச் செய்யும்போது கூடுதல் பலன் தரக்கூடும் என்றும், அந்தப் பலன் இலேசான, நடுத்தர வீக்கம் உள்ளவர்களுக்கே எதிர்பார்க்கத்தக்கது என்றும் கூறியது. அடிப்படை வேலையைச் செய்வது அழுத்தம்தான். இதை மறைத்து, நீவுதல் ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

உறையை அளவெடுத்து, இயன்முறை மருத்துவரின் ஆலோசனையோடு வாங்கவேண்டும். காலையில் எழுந்தவுடன் அணிந்து, படுக்கப்போகும்போது கழற்றுங்கள். மடிப்பு விழுந்து ஓரிடத்தில் இறுக்கக் கூடாது. உறை மணிக்கட்டோடு முடிந்து, புறங்கை வீங்கத் தொடங்கினால், கையுறையும் சேர்ந்த வகை தேவை என்று பொருள். மருந்துக் கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கி வீட்டிலேயே இறுக்கிக் கட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது அதிகம் நீளும் தன்மையுள்ளது, ஓய்விலும் கையை இறுக்கும், சுற்றும்போது ஓரிடத்தில் கூடுதலாக இறுகிவிட்டால் அதற்குக் கீழே உள்ள பகுதி மேலும் வீங்கும். சிகிச்சைக்குப் பயன்படும் கட்டுத்துணி குறைவாக நீளும் வேறு வகை, அதைக் கட்டக் கற்றுக்கொள்ளவேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் உறை அணிவது உண்மையிலேயே துன்பம். இரண்டு உறைகள் வைத்துக்கொண்டு, தினமும் மிதமான சோப்பில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்தி மாற்றி மாற்றி அணிந்தால் வியர்வை அரிப்பு குறையும். நாளடைவில் உறை தளர்ந்துவிடும், ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதிது வாங்கவேண்டியிருக்கும்.

உறை அணிந்தபடியே கையை அசைக்கவேண்டும். விரல்களை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளைச் சுழற்றுவது ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். வீங்கிய கையால் எதையும் தூக்கவே கூடாது என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, மேற்பார்வையின்கீழ் மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிய பெண்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை என்று காட்டியது. ஆகவே ஒரு குடம் தண்ணீரைத் திடீரென்று தூக்குவது தவறு, ஆனால் கையை வேலையே கொடுக்காமல் மடியில் போட்டு வைத்திருப்பதும் தவறு.

நீர் மாத்திரை சாப்பிட்டால் வடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். அது இரத்தத்திலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றுமே தவிர, திசுவில் தேங்கிய புரதத்தை அகற்றாது. நிணநீர் வீக்கத்திற்காக மட்டும் அதைச் சாப்பிடுவதில் பயனில்லை. குடிநீரைக் குறைப்பதாலும் பயனில்லை. உடல் எடை கூடியவர்கள் எடையைக் குறைத்தால் வீக்கம் கட்டுக்குள் வருவது எளிதாகும்.

தோலைக் காப்பது

தேங்கிய நிணநீர் கிருமிகளுக்கு ஏற்ற இடம். சிறு கீறல் வழியாக நுழைந்த கிருமி சில மணி நேரத்தில் கை முழுவதும் பரவக்கூடும், ஒவ்வொரு தொற்றும் மீதமிருக்கும் நாளங்களை மேலும் பாழாக்கும். எனவே சமையலறையில்தான் அதிகக் கவனம் வேண்டும். அரிவாள்மணையில் மீன் நறுக்கும்போதும், பாத்திரம் தேய்க்கும்போதும், செடிகளுக்கு மண் கொத்தும்போதும் கையுறை அணியுங்கள். எண்ணெய் தெறிக்கும் சமையலில் நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியைப் பயன்படுத்துங்கள். நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள், நகச்சுத்தி வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். மாலையில் கொசு கடிக்காதபடி கையை மூடிக்கொள்ளுங்கள். குளித்தபின் விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, இரவில் வாசனையில்லாத களிம்பைத் தடவிவிட்டால் தோல் வெடிக்காது. இந்தக் களிம்பை நீவுதலுக்குப் பிறகு தடவவேண்டும், முன்பு அல்ல. ஊசி போடுவதற்கும் இரத்தம் எடுப்பதற்கும் முடிந்தவரை மற்றக் கையைக் கொடுங்கள். ரவிக்கையின் கையையும் வளையலையும் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள், கைப்பையை மற்றத் தோளில் மாட்டுங்கள்.

நம் பகுதியில் யானைக்கால் நோயால் கால் வீங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீக்கத்தின் காரணம் கொசுவால் பரவும் ஃபைலேரியா புழு, அதற்கான மருந்தை அரசு மருத்துவமனையிலேயே கேட்டுப் பெறவேண்டும். மேலே சொன்ன கை வரிசை காலுக்குப் பொருந்தாது. ஆனால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை உலர்த்தி, காலை உயர்த்தி வைக்கும் தோல் பராமரிப்பு அவர்களுக்கு எல்லாவற்றையும்விட முதன்மையானது.

எப்போது மருத்துவமனைக்குப் போகவேண்டும்

கை சிவந்து சூடாகி, குளிரோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போகவேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. உடனே நீவுதலை நிறுத்துங்கள், உறையைக் கழற்றுங்கள், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை மருத்துவர் சொன்ன நாள்கள் முழுவதும் சாப்பிடுங்கள். பல ஆண்டுகள் நன்றாக இருந்த கை காரணமின்றித் திடீரென்று வீங்கினாலோ, புதிதாக வலியோ மரத்துப்போதலோ கையில் பலவீனமோ தோன்றினாலோ, அக்குளிலோ கழுத்திலோ கட்டி தட்டுப்பட்டாலோ, புற்றுநோய் மருத்துவரிடம் காட்டியபின்தான் மறுபடியும் நீவவேண்டும்.

கற்றுத்தர ஒருவரைத் தேடும்போது, நிணநீர் வீக்கச் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றிருக்கிறாரா, கட்டுக் கட்டவும் உறைக்கு அளவெடுக்கவும் தெரியுமா, நீங்களே செய்துகொள்ளும்படி சொல்லித்தருவாரா என்று கேளுங்கள். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளின் இயன்முறைப் பிரிவில் முதலில் விசாரிப்பது நல்லது. முதல் சந்திப்பிலேயே எண்ணெயை எடுத்துக்கொண்டு, வலிக்க வலிக்கத் தேய்த்தால்தான் நீர் இறங்கும் என்று ஒருவர் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.